ரூட் இருந்தும் சிஸ்டம் ஃபைலை மாற்ற முடியவில்லை, ‘ரீட்-ஒன்லி’ என்கிறது

#1 கடைசிபெஞ்சு

வணக்கம் நண்பர்களே. ஆண்ட்ராய்டு 13 போன். பூட்லோடரை (போனைக் கிளப்பும் முதல் நிரல்) அன்லாக் செய்து, ரூட் (முழு நிர்வாக அனுமதி) தரும் மேஜிஸ்க் போட்டிருக்கிறேன். ஃபைல் மேனேஜருக்கும் ரூட் அனுமதி கொடுத்தாகிவிட்டது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போனோடு வந்த தமிழ் எழுத்துரு பிடிக்கவில்லை. மெனுக்களில் எழுத்தெல்லாம் அமுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. வேறொரு தமிழ் எழுத்துரு கையில் இருக்கிறது. அதைச் சிஸ்டத்துக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பழைய பெயரிலேயே ஒட்டப் பார்த்தால் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வருகிறது. ஃபைல் மேனேஜரில் ‘மவுண்ட் ஆர்டபிள்யூ’ (எழுதும் நிலையில் இணைப்பது) என்றொரு பட்டன் உண்டு. அழுத்தினால் பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் ஒட்டவும் விடவில்லை. டெர்மினலில் எஸ்யூ (ரூட் ஆகும் கட்டளை) கொடுத்து ரீமவுண்ட் செய்தால் ‘டிஎம்-4 இஸ் ரீட்-ஒன்லி’ என்று ஒரே வரி.

ஆண்ட்ராய்டு 5 ஓடிய என் பழைய போனில் இதே வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ரூட்டுக்கு மேல் இன்னும் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

#2 மின்மினி

எஸ்யூ கொடுத்ததும் டாலர் குறி போய் # வந்ததா? வந்திருந்தால் ரூட்டில் கோளாறு இல்லை. மேஜிஸ்க் செட்டிங்ஸில் மவுண்ட் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கும், அதை ‘குளோபல்’ ஆக்கிப் பாருங்கள். சில சமயம் ஒரு ஆப் செய்த மவுண்ட் அந்த ஆப்புக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்து ஆப்புக்குத் தெரியாது.

#3 கடைசிபெஞ்சு

# வருகிறது. குளோபல் ஆக்கிப் பார்த்தேன், அதே பதில்தான்.

#4 ஒரேபோடு

செட்என்ஃபோர்ஸ் 0 கொடுத்துக் காவலைத் தளர்த்துங்க, அப்புறம் சிஎச்மோட் 777 போட்டு எல்லாருக்கும் அனுமதி கொடுங்க. எல்லாம் திறந்துடும். எனக்கு எப்பவும் இதுதான்.

#5 வேர்ப்பலா

ஒரேபோடு சொன்னதைச் செய்ய வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இந்தப் பிழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

(பாதைகளையும் கட்டளைகளையும் உச்சரிப்புப்படி எழுதுகிறேன். டைப் செய்யும்போது, பெரிய எழுத்து என்று சொல்லாத இடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

கடைசிபெஞ்சு, உங்களுக்கு வந்த பதிலைக் கவனியுங்கள். ‘பர்மிஷன் டினைடு’ என்று வரவில்லை, ‘ரீட்-ஒன்லி’ என்று வந்திருக்கிறது. இரண்டும் வேறு. முதலாவது, நீ யார் என்று கேட்டு மறுப்பது. ரூட் அதற்குத்தான் பதில். இரண்டாவது யாரையும் எதுவும் கேட்பதில்லை. சாவி கையில் இருக்கிறது, எதிரே இருப்பதோ கதவே இல்லாத சுவர்.

பழைய போனில் சிஸ்டம் தனிப் பார்ட்டிஷன் (சேமிப்பகத்தில் பிரித்த பகுதி). உள்ளே எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம், ஓரளவு காலி இடமும் இருக்கும். ரீமவுண்ட் செய்தால் எழுதலாம். ஆண்ட்ராய்டு 10 வந்தபோது டைனமிக் பார்ட்டிஷன் வந்தது. சூப்பர் என்ற ஒரே பெரிய பார்ட்டிஷனுக்குள் சிஸ்டம், வெண்டார், ப்ராடக்ட் எல்லாம் துண்டு துண்டாக உட்கார்ந்திருக்கும். போன் கிளம்பும்போது கெர்னலில் (சிஸ்டத்தின் மையக் கரு) உள்ள டிவைஸ் மேப்பர் அந்தத் துண்டுகளைச் சேர்த்து டிஎம்-0, டிஎம்-1 என்று காட்டுகிறது. உங்கள் டிஎம்-4 அப்படி வந்ததுதான்.

அதற்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டம் இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று, ‘ஷேர்டு பிளாக்ஸ்’ போட்ட எக்ஸ்ட்4. ஒரே உள்ளடக்கம் இரண்டு ஃபைல்களில் இருந்தால் இடம் மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே பிளாக்கை (சேமிப்பகத்தின் சிறு கட்டம்) காட்டும்படி வைத்துவிடுவார்கள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்றும் கெடும் என்பதால் கெர்னல் அதை எழுதும் நிலையில் மவுண்ட் செய்யவே மறுக்கும். மற்றொன்று ஈரோஃப்எஸ். ஹுவாவே உருவாக்கியது, 2019 கடைசியில் லினக்ஸ் 5.4 கெர்னலில் முறையாகச் சேர்ந்தது. அது சுருக்கி வைத்து வாசிப்பதற்கென்றே செய்த ஃபைல் சிஸ்டம். எழுதும் வேலைக்கான நிரலே அதில் கிடையாது. எந்த அனுமதி கொடுத்தாலும் அங்கே எழுத முடியாது.

டெர்மினலில் வெறுமனே மவுண்ட் என்று கொடுத்து, டிஎம்-4 உள்ள வரியை இங்கே போடுங்கள். இடம் காட்டும் டிஎஃப் கட்டளையும் கொடுத்துப் பாருங்கள்.

#6 கடைசிபெஞ்சு

வரியில் ‘டைப் ஈரோஃப்எஸ்’, அடைப்புக்குறிக்குள் ‘ஆர்ஓ, செக்லேபல்…’ என்று வருகிறது. டிஎஃப்-இல் சிஸ்டம் 100% நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. இடமில்லை என்பதுதான் காரணமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

#7 வேர்ப்பலா

அந்த 100% இயல்புதான். இமேஜ் எவ்வளவோ அவ்வளவுக்கே துண்டை வெட்டியிருப்பார்கள், ஓரம் எதுவும் விட்டிருக்க மாட்டார்கள்.

ஆக, ரீமவுண்ட் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். அந்தப் பட்டன் பழைய காலத்து மிச்சம். சில ஃபைல் மேனேஜர்கள் கட்டளையை அனுப்பிவிட்டு, என்ன பதில் வந்தது என்றுகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் உங்களுக்குப் பிழை எதுவும் தெரியவில்லை.

மேஜிஸ்க் 2016-இல் வந்ததே இந்த வேலைக்குத்தான். அது சிஸ்டத்தைத் தொடாது. போன் கிளம்பும் நேரத்தில் உங்கள் ஃபைலை அசல் ஃபைலின் இடத்துக்கு மேல் மவுண்ட் செய்துவிடும். படிக்க வருகிற எந்த ஆப்புக்கும் உங்களுடையதுதான் தெரியும், அடியில் அசல் அப்படியே கிடக்கும்.

கையாலேயே ஒரு மாட்யூல் (மேஜிஸ்க் ஏற்றும் மாற்றங்களின் ஃபோல்டர்) செய்யலாம், பெரிய வித்தை இல்லை. டேட்டாவுக்குள் ஏடிபி, அதற்குள் மாட்யூல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அங்கே உங்கள் இஷ்டத்துக்கு ஒரு பெயரில் ஃபோல்டர் திறங்கள், ‘தமிழ்ஃபான்ட்’ என்று வையுங்களேன். இடைவெளி மட்டும் வேண்டாம். அதனுள் மாட்யூல்.ப்ராப் என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஐடி, நேம், வெர்ஷன், வெர்ஷன்கோட், ஆத்தர், டிஸ்கிரிப்ஷன் என்று ஆறு வரி. ஐடி-யும் ஃபோல்டர் பெயரும் ஒன்றாக இருக்கட்டும், வெர்ஷன்கோட்-இல் ‘சி’ மட்டும் பெரிய எழுத்து, மதிப்பு முழு எண்ணாக இருக்க வேண்டும். கணினியில் எழுதினால் வரி முடிவு விண்டோஸ் முறையில் இருக்கக் கூடாது, யூனிக்ஸ் முறையில் சேமியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு எழுத்தால் ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை’ என்று வருகிறவர்கள் ஏராளம்.

அப்புறம் அதே ஃபோல்டருக்குள் சிஸ்டம், அதற்குள் ஃபான்ட்ஸ், அதற்குள் உங்கள் எழுத்துரு. பெயர் அசலின் பெயரேதான், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. வெண்டார், ப்ராடக்ட் பார்ட்டிஷனில் உள்ள ஃபைலாக இருந்தாலும் மாட்யூலுக்குள் சிஸ்டத்தின் கீழேதான் வெண்டார், ப்ராடக்ட் ஃபோல்டரைத் திறக்க வேண்டும்.

எழுத்துருவுக்குச் சிஎச்மோட் 0644. எல்எஸ் -இசட் (இசட் பெரிய எழுத்து) கொடுத்து, யார் எதைத் தொடலாம் என்று காவல் காக்கும் எஸ்இ லினக்ஸின் லேபிளைப் பாருங்கள், ‘சிஸ்டம்_ஃபைல்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் சிஎச்கான் கொண்டு மாற்றுங்கள். ரீபூட்.

செய்வதற்கு முன் ஒன்று. உங்கள் போனின் அசல் பூட் இமேஜ் (போனைக் கிளப்பும் ஃபைல்) கணினியில் இருக்கிறதா? ஆண்ட்ராய்டு 13-ஓடு வெளிவந்த போன் என்றால் அது இனிட்_பூட் இமேஜ். இல்லையென்றால் முதலில் அதை எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

#8 கோடுகிழவன்

நான் இதில் மாறுபடுகிறேன். மேலே போர்த்துவது மாற்றம் ஆகாது. மேஜிஸ்க் போனால் உங்கள் மாற்றமும் போச்சு. அசலை மாற்றினால்தான் மாற்றியது.

வழி இருக்கிறது. சூப்பர் இமேஜை எல்பிஅன்பேக் கருவி கொண்டு பிரித்தெடுங்கள். எக்ஸ்ட்4 ஆக இருந்தால் இ2எஃப்எஸ்சிகே கருவியில் ‘அன்ஷேர்_பிளாக்ஸ்’ கொடுத்துப் பகிர்ந்த பிளாக்குகளைப் பிரித்து, ரீசைஸ் செய்து இடம் கூட்டிக்கொள்ளலாம். ஈரோஃப்எஸ் என்றால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, லேபிள் உரிமை எதுவும் மாறாமல் எக்ஸ்ட்4 ஆகக் கட்ட வேண்டும். விபிமெட்டாவை (சரிபார்ப்புக் கையெழுத்து உள்ள பகுதி) வெரிட்டி (பிளாக் சரிபார்ப்பு), வெரிஃபிகேஷன் இரண்டையும் அணைத்து ஃபிளாஷ் செய்துவிட்டு, ஃபாஸ்ட்பூட்டிடி-யில் (கணினியிலிருந்து இமேஜ் ஏற்றும் நிலை) புது சிஸ்டத்தை ஏற்றுங்கள். அதற்குப் பிறகு ரீமவுண்ட் முன்போலவே வேலை செய்யும். நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். யூசர்டீபக் (சோதனைக்கான) பில்டில் ஓடும் கஸ்டம் ராம் (போனோடு வராத, வேறொருவர் கட்டிய ஆண்ட்ராய்டு) என்றால் இவ்வளவும் வேண்டாம், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில் ஏடிபி ரூட், ஏடிபி ரீமவுண்ட், முடிந்தது.

#9 வேர்ப்பலா

கிழவரே, முடியாது என்று நான் சொல்லவில்லை. ஒரு எழுத்துருவுக்காக ஒரு பார்ட்டிஷனை இடித்துக் கட்டணுமா என்பதுதான் கேள்வி. சூப்பருக்குள் காலி இடம் போதுமா என்பதே முதல் தலைவலி. ஈரோஃப்எஸ்-இன் சுருக்கம் போனதும் சிஸ்டம் ஊதிவிடும், பக்கத்தில் ப்ராடக்டை வெட்டியாக வேண்டிவரும்.

ஏடிபி ரீமவுண்ட் பற்றிச் சொன்னீர்களே, ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு இப்படி எழுதவே முடியாத பார்ட்டிஷனாக இருந்தால் அதுவும் ஓவர்லேஎஃப்எஸ் கொண்டு மேலேதான் போர்த்துகிறது. எழுதுவதெல்லாம் வேறு இடத்தில் போய் உட்காருகிறது. ஆண்ட்ராய்டைச் செய்கிறவர்களே தங்கள் சோதனை பில்டில் அசலைத் தொடாமல்தான் வேலை செய்கிறார்கள். நாம் மட்டும் ஏன் தொட வேண்டும்?

வெரிட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கு உதவும். டிஎம்-வெரிட்டி 4.4-இலேயே வந்துவிட்டது, 7.0-இலிருந்து கண்டிப்பு. பார்ட்டிஷனை 4 கேபி பிளாக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறி), அந்த ஹாஷ்களைத் தொகுத்து மறுபடி ஹாஷ் என்று மேலே போய் ஒரே ஒரு உச்சி ஹாஷில் முடியும். அந்த உச்சி கையெழுத்திட்ட விபிமெட்டாவுக்குள் இருக்கும். போன் கிளம்பும்போது மொத்தத்தையும் சரிபார்ப்பதில்லை, பிளாக்கைப் படிக்கிற நேரத்தில்தான் சரிபார்க்கும். அதனால் கெட்டுப்போன ஃபைலை யாரும் தொடாதவரை எதுவும் தெரியாது. தொட்டவுடன் படிப்புப் பிழை, இல்லை என்றால் ரீபூட். எழுத்துருவைப் போனில் தொடாத ஆப் எது?

அசலை மாற்றியதும் ஓடிஏ-வும் (போனுக்கு நேராக வரும் அப்டேட்) போச்சு. ஆண்ட்ராய்டு 5.0 முதல் அப்டேட் ஃபைல் வாரியாக வருவதில்லை, பிளாக் வாரியாக வருகிறது. பழைய பிளாக் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குக் கணக்கு உண்டு. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஒரே ஒரு முறை எழுதும் நிலையில் மவுண்ட் செய்தாலே எக்ஸ்ட்4 தன் தலைப் பிளாக்கில் மவுண்ட் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். கணக்கு அங்கேயே தவறிவிடும்.

#10 கோடுகிழவன்

ஓடிஏ எனக்கு வேண்டாம், முழு இமேஜாகத்தான் ஏற்றுவேன். ஆனாலும் புதியவருக்கு உங்கள் வழிதான் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். என் வழியில் வெரிட்டியை அணைப்பது என்பது எல்லோருக்கும் அணைப்பதுதான். எனக்கும் சரி, உள்ளே புகுந்து எழுத நினைக்கிற வேறு எதற்கும் சரி.

#11 நிலாமுற்றம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் சிக்கல் நேர் எதிர். எனக்கு எழுத முடிகிறது! டேட்டாவுக்குள் டேட்டா ஃபோல்டரில் ஒரு குறிப்பேடு ஆப்பின் ஷேர்டு_ப்ரெஃப்ஸ் (செட்டிங்ஸ் சேமிக்கும்) எக்ஸ்எம்எல்-ஐக் கணினிக்கு எடுத்துப்போய்த் திருத்தி, திரும்ப ஒட்டினேன். ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆப் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. ஒரு தடவை திறந்தது, பழைய செட்டிங்கே இருந்தது. எக்ஸ்எம்எல்-இல் பிழை இல்லை, சரிபார்த்துவிட்டேன்.

#12 மின்மினி

இது என் பேட்டை. நிலாமுற்றம், டேட்டா பார்ட்டிஷன் எழுதுவதற்கென்றே இருப்பது, அங்கே வெரிட்டி கிடையாது. சிக்கல் உரிமையில்.

அந்த ஃபோல்டரில் எல்எஸ் -எல்இசட் (எல் சிறியது, இசட் பெரியது) கொடுங்கள். பக்கத்து ஃபைல்களுக்கு உரிமையாளர் ‘யூ0_ஏ215’ மாதிரி ஒன்று இருக்கும். அது அந்த ஆப்புக்கு மட்டும் போன் கொடுத்த எண், 10215. நீங்கள் ஒட்டிய ஃபைலுக்கு மட்டும் ‘ரூட் ரூட்’ என்று இருக்கும். தன் வீட்டு ஃபைலையே ஆப்பால் திறக்க முடியவில்லை, செத்துப்போகிறது.

எஸ்இ லினக்ஸ் லேபிளும் உண்டு. ‘ஆப்_டேட்டா_ஃபைல்:எஸ்0’ என்பதற்குப் பின்னால் சி215, சி256, சி512, சி768 என்று ஒரு வால் வரும். முதல் இரண்டும் ஆப்பைக் குறிப்பவை, அடுத்த இரண்டும் பயனரைக் குறிப்பவை. வால் பொருந்தாவிட்டால் உரிமையாளர் சரியாக இருந்தாலும் கதவு திறக்காது. பக்கத்து ஆப்பின் ஃபோல்டரிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வருவது பெரும்பாலும் இந்தச் சிக்கல்தான்.

பழைய செட்டிங் திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு. ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த எக்ஸ்எம்எல் முழுவதும் அதன் நினைவகத்தில் இருக்கும். நீங்கள் ஃபைலை மாற்றினாலும், ஆப் அடுத்து எதையாவது சேமிக்கும்போது தன்னிடம் உள்ளதை அப்படியே மேலே எழுதிவிடும். பக்கத்தில் ‘.பேக்’ என்று முடியும் ஒரு ஃபைல் கிடந்தால் அதையும் கவனியுங்கள். முந்தைய சேமிப்பு பாதியில் நின்றது என்று நினைத்து ஆப் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது: முதலில் ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப். பிறகு புது ஃபைலை ஒட்டாமல், டெர்மினலில் கேட் கொடுத்து, புது ஃபைல், பெரியது குறி (>), பழைய ஃபைல் என்று உள்ளடக்கத்தை மட்டும் ஊற்றிவிடுங்கள். ஃபைல் அதேதான், உள்ளே இருப்பது மட்டும் மாறும். உரிமையாளர், அனுமதி, லேபிள் எதுவும் அசையாது. சிஓன் (உரிமையாளரை மாற்றுவது), சிஎச்கான் (லேபிளை மாற்றுவது) என்று அலையவே வேண்டாம். இப்போது உங்கள் ஃபைல் ஏற்கெனவே ரூட் பெயருக்கு மாறிவிட்டதால் ஒரு தடவை மட்டும் சிஓன் கொடுத்து உரிமையைத் திருப்புங்கள், அப்புறம் லேபிளைச் சரிசெய்ய ரீஸ்டோர்கான். அதற்குப் பெரிய எழுத்தில் -டி கொடுக்க மறக்காதீர்கள், அது இல்லாமல் இந்தப் பகுதியை அது தொடாது.

எக்ஸ்எம்எல்-க்குப் பதில் டேட்டாபேஸ் என்றால் ‘-டபிள்யூஏஎல்’ என்று முடியும் துணை ஃபைலையும் சேர்த்தே எடுங்கள். கடைசியாக எழுதியவை பிரதான ஃபைலுக்குள் வராமல் அதில் நிற்கக்கூடும். அதை விட்டுவிட்டு எடுத்தால் ‘நேற்று எழுதிய குறிப்பு காணோம்’ என்று தேட வேண்டியதுதான்.

#13 நிலாமுற்றம்

அசத்தல்! ரூட் ரூட் என்றுதான் இருந்தது. சிஓன், ரீஸ்டோர்கான் இரண்டையும் செய்துவிட்டு கேட் கொண்டு ஊற்றினேன், திறந்துவிட்டது, புது செட்டிங்கும் நின்றது. மிக்க நன்றி.

இன்னொன்று. டேட்டாவுக்குள் சிஸ்டம், அதனுள் யூசர்ஸ் 0-வில் செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைல்களைத் திறந்தால் குப்பை குப்பையாக எழுத்து வருகிறது. கெட்டுவிட்டதா?

#14 மின்மினி

கெடவில்லை. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து சிஸ்டம் தன் எக்ஸ்எம்எல்-களைப் பைனரியாக எழுதுகிறது. முதல் மூன்று எழுத்து ‘ஏபிஎக்ஸ்’ என்று இருக்கும், பாருங்கள். போனிலேயே ‘ஏபிஎக்ஸ்2எக்ஸ்எம்எல்’ என்று ஒரு கட்டளை உண்டு, படிக்கிற மாதிரி மாற்றித் தரும். திரும்ப மாற்ற ‘எக்ஸ்எம்எல்2ஏபிஎக்ஸ்’. ஆனால் அந்த ஃபைலைக் கையால் திருத்துவது வீண் வேலை. ஓடும் சிஸ்டம் மேலே எழுதிவிடும். ‘செட்டிங்ஸ் புட்’ கட்டளை அதே இடத்தில்தான் எழுதுகிறது, அதை நேராகக் கொடுங்கள். ரூட்கூட வேண்டாம், ஏடிபி போதும்.

பொதுவாகவே ரூட் இல்லாமல் ஆகிற வேலைக்கு ரூட் போடாதீர்கள். திரை அடர்த்திக்கு பில்ட்.ப்ராப் திருத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘டபிள்யூஎம் டென்சிட்டி’ என்று ஒரே கட்டளை. தேவையில்லாத ஆப்பைச் சிஸ்டத்திலிருந்து அழிக்கணுமா, ‘பிஎம் அன்இன்ஸ்டால்’ கட்டளையில் யூசர் 0 கொடுங்கள். உங்கள் கணக்கிலிருந்து போய்விடும், ஏபிகே (ஆப்பின் ஃபைல்) அதே இடத்தில் இருக்கும், வேண்டுமென்றால் திரும்பக் கூப்பிடலாம். வைஃபை கடவுச்சொல்லுக்கு ஆண்ட்ராய்டு 10 முதல் க்யூஆர் பகிர்வே இருக்கிறது.

#15 ஒரேபோடு

எல்லாம் சரி, என் வழியில என்ன தப்புன்னு யாரும் சொல்லலையே.

#16 வேர்ப்பலா

மறக்கவில்லை. செட்என்ஃபோர்ஸ் 0 என்பது எஸ்இ லினக்ஸை ‘பெர்மிசிவ்’ ஆக்குவது. மீறலைக் குறித்து மட்டும் வைக்கும், தடுக்காது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் ஒவ்வொரு சேவையும் எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று கட்டிவைத்திருப்பது அதுதான். உங்கள் ஒரு ஃபைலுக்காகப் போனில் ஓடும் அத்தனைக்கும் கட்டவிழ்த்து விடுகிறீர்கள். அதுவும் ரீபூட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும், ஆகவே மறுபடி மறுபடி போட வேண்டும். அடியில் லேபிள் தவறாக இருப்பது அப்படியே இருக்கும். மின்மினி காட்டிய ரீஸ்டோர்கான் ஒரு தடவை செய்தால் போதும்.

777 இன்னும் மோசம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றாகிவிட்ட ஃபைலைச் சில நிரல்கள் நம்பவே மறுக்கும். எஸ்எஸ்எச் சாவியில் இதைப் பார்த்திருப்பீர்கள். சிஸ்டம் ஃபைலுக்கு 0644, இயங்கும் பைனரிக்கு 0755, இதைத் தாண்டி வேண்டியிருந்தது எனக்கு நினைவில்லை. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் அசல் ஃபைலைப் பார்த்து அதையே போடுங்கள்.

#17 வரப்பு

கேட்காமல் போகக் கூடாத கேள்வி: வங்கி ஆப்கள்? மாட்யூல் வழி அசலைத் தொடுவதில்லை என்றால் அவை வேலை செய்யுமா?

#18 வேர்ப்பலா

அது வேறு கணக்கு. பிளே இன்டெக்ரிட்டி (வங்கி ஆப்கள் நம்பும் கூகுள் சோதனை) பார்ப்பது உங்கள் எழுத்துருவை அல்ல. பூட்லோடர் பூட்டியிருக்கிறதா என்பதைப் போனின் பாதுகாப்பு வன்பொருளே கையெழுத்திட்டுச் சொல்லும் முறை இருக்கிறது. அன்லாக் செய்த அன்றே அந்தக் கேள்விக்குப் பதில் மாறிவிட்டது, மாட்யூல் போட்டாலும் போடாவிட்டாலும். ஏமாற்றும் வழிகள் சுற்றுகின்றன. இன்று ஓடும், நாளை அடைபடும். பணம் சம்பந்தப்பட்டதை ரூட் செய்யாத போனில் வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். சாம்சங் போன்களில் நாக்ஸ் என்பது ஒரு ஃபியூஸ், ஒருமுறை எரிந்தால் திரும்பப் பூட்டினாலும் பழையபடி ஆகாது. அதை வைத்திருப்பவர்கள் தொடங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

#19 கடைசிபெஞ்சு

மாட்யூல் செய்துவிட்டேன், போன் ஒழுங்காகக் கிளம்பியது! ‘நோட்டோ சான்ஸ் தமிழ் விஎஃப்’ என்ற ஃபைலின் பெயரில் என் எழுத்துருவை வைத்தேன். பிரவுசரில் பக்கங்கள் எல்லாம் புது எழுத்துருவில் வருகின்றன. ஆனால் செட்டிங்ஸ் மெனுவில் அதே அமுக்கின எழுத்துதான். இன்னொன்று, பிரவுசரில் தலைப்பெல்லாம் தடிப்பு இல்லாமல் மெலிசாக இருக்கிறது. பாதிதான் ஏறியிருக்கிறதா?

#20 எழுத்தச்சு

இந்த இழையில் இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இது நான் பேச வேண்டிய இடம். பாதி ஏறவில்லை, ஏறியது முழுசாகத்தான் ஏறியிருக்கிறது. ஆண்ட்ராய்டின் நோட்டோ சான்ஸில் தமிழுக்கு இரண்டு எழுத்துரு உண்டு.

சிஸ்டத்துக்குள் ஈடிசி ஃபோல்டரில் ஃபான்ட்ஸ்.எக்ஸ்எம்எல் திறந்து தமிழ் உள்ள இடத்தைப் பாருங்கள். ‘எலிகண்ட்’ என்று ஒரு குடும்பம், ‘காம்பாக்ட்’ என்று இன்னொன்று. எலிகண்டுக்கு நீங்கள் மாற்றிய ஃபைல். காம்பாக்டுக்கு ‘நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ விஎஃப்’. மெனு, பட்டன் போன்றவற்றில் வரி உயரம் ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்தது. அதற்குள் அடங்கும்படி நம் எழுத்தின் மேலும் கீழும் சுருக்கியதுதான் யூஐ எழுத்துரு. உங்களுக்கு எரிச்சல் தந்த அமுக்கல் அதுதான். பிரவுசர் எலிகண்டைத்தான் முதலில் எடுக்கும், அதனால் அங்கே மட்டும் மாறியது.

யூஐ ஃபைலின் பெயரிலும் உங்கள் எழுத்துருவின் இன்னொரு நகலை வையுங்கள், மெனுவும் மாறிவிடும். ஆனால் விலை உண்டு: சில ஆப்களில் ‘கீ’, ‘டீ’ போன்றவற்றின் மேல் சுழியும் ‘ஸ்ரீ’யின் அடியும் வெட்டுப்படலாம். சுருக்கியதற்குக் காரணமே அதுதானே.

தடிப்பு விஷயம்: பெயரில் இருக்கும் விஎஃப் என்பது வேரியபிள் ஃபான்ட். ஒரே ஃபைலுக்குள் மெலிசிலிருந்து தடிப்பு வரை எல்லாம் இருக்கும். எக்ஸ்எம்எல்-இல் அதே ஃபைல் 400, 500, 600, 700 என்று திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். சிஸ்டம் 700 கேட்கிறது, ‘இதோ 700’ என்று உங்கள் ஃபைலைக் காட்டுகிறது எக்ஸ்எம்எல். அதில் ஒரே தடிப்புதான் இருக்கிறது. தடிப்பு எழுத்து ஏற்கெனவே கையில் இருப்பதாகச் சிஸ்டம் நம்புவதால், செயற்கையாகத் தடிமனாக்கும் வேலையையும் செய்யாது.

தீர்வு இரண்டு. வேரியபிள் வடிவில் வெளிவந்த தமிழ் எழுத்துருவைத் தேடி வைப்பது ஒன்று. இல்லையென்றால் சாதாரணம், தடிப்பு என்று தனித்தனி ஃபைல் வைத்து, எக்ஸ்எம்எல்-இல் 700-க்கு எதிரே தடிப்பு ஃபைலின் பெயரைப் போட்டு, அந்த எக்ஸ்எம்எல்-ஐயும் மாட்யூலில் சேர்ப்பது.

#21 வேர்ப்பலா

எழுத்தச்சு சொன்ன இரண்டாவது வழிக்குப் போகும் முன்: ஃபான்ட்ஸ்.எக்ஸ்எம்எல்-இல் ஒரு மூடும் குறி விட்டுப்போனாலும் போன் கிளம்பாமல் லோகோவிலேயே நின்றுவிடலாம். அப்படி நின்றால் பதற வேண்டாம், அசல் பத்திரமாக அடியில் இருக்கிறது. சேஃப் மோடில் கிளப்பினால் மேஜிஸ்க் மாட்யூல்களை அணைத்துவிடும். ஏடிபி-க்கு முன்பே அந்தக் கணினியை அனுமதித்திருந்தால், போனைக் கணினியில் செருகி, ஏடிபி வெயிட்-ஃபார்-டிவைஸ் ஷெல் என்று தொடங்கி ‘மேஜிஸ்க் --ரிமூவ்-மாட்யூல்ஸ்’ கொடுத்துக் காத்திருங்கள். போன் கிளம்பும் பாதையில் அதைப் பிடித்து எல்லா மாட்யூலையும் கழற்றிவிட்டு ரீபூட் ஆகும். அதுவும் முடியாவிட்டால் ஃபாஸ்ட்பூட்டில் அசல் இமேஜ். அதைத்தான் முதலிலேயே எடுத்து வைக்கச் சொன்னேன்.

#22 கடைசிபெஞ்சு

யூஐ ஃபைலையும் வைத்தேன், மெனு இப்போது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ‘டீ’ வெட்டுப்படும் ஆப் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது, பொறுத்துக்கொள்ளலாம். எக்ஸ்எம்எல் பக்கம் போகவில்லை, வேரியபிள் எழுத்துரு ஒன்று கிடைத்துவிட்டது.

கடைசிக் கேள்வி. சிஸ்டம் அப்டேட் ஒன்று வந்து நிற்கிறது. அப்படியே அழுத்திவிடலாமா?

#23 வேர்ப்பலா

அழுத்த வேண்டாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தானாக அப்டேட் ஆவதை முதலில் அணைத்துவிடுங்கள்.

சிஸ்டம் அசலாக இருந்தாலும் பூட் இமேஜ் மேஜிஸ்க் ஒட்டியது. மேஜிஸ்க்கில் அன்இன்ஸ்டால் போய் ‘ரீஸ்டோர் இமேஜஸ்’ கொடுங்கள். ரீபூட் செய்யாமல் அப்படியே அப்டேட்டை ஏற்றுங்கள். முடிந்ததும் ‘ரீஸ்டார்ட்’ என்று கேட்கும், அதை அழுத்தாமல் மேஜிஸ்க்குக்குத் திரும்பி ‘இன்ஸ்டால் டு இன்ஆக்டிவ் ஸ்லாட்’. அதன் பிறகு ரீபூட். இரண்டு ஸ்லாட் (சிஸ்டம் உட்கார இரண்டு இடம்) உள்ள போனுக்குத்தான் இது. உங்களுடையது அப்படித்தான் இருக்கும், ஆனாலும் ‘கெட்ப்ராப் ஆர்ஓ.பூட்.ஸ்லாட்_சஃபிக்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். _ஏ அல்லது _பி என்று வந்தால் சரி.

தொடங்கும் முன் மாட்யூலை அணைத்துவிடுங்கள். மாட்யூல் ஃபோல்டருக்குள் ‘டிசேபிள்’ என்ற பெயரில் வெற்று ஃபைல் இருந்தாலே போதும்.

#24 எழுத்தச்சு

அப்டேட் முடிந்ததும் மாட்யூலைத் திரும்ப இயக்கும் முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஃபைல் பெயர் மாறியிருந்தால் உங்கள் எழுத்துரு யாரும் கூப்பிடாமல் சும்மா கிடக்கும். எக்ஸ்எம்எல்-ஐ மாட்யூலில் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புது சிஸ்டத்தின் பட்டியலுக்கு மேல் பழைய பட்டியல் போய் உட்கார்ந்தால், அதில் இருக்கும் எழுத்துரு புதுசில் இல்லாமல் போகலாம். ஆண்ட்ராய்டு 15-இல் பட்டியலே ‘ஃபான்ட்_ஃபால்பேக்’ என்ற வேறு ஃபைலுக்குப் போய்விட்டது.

#25 கடைசிபெஞ்சு

ஸ்லாட் _பி என்று வருகிறது. டிசேபிள் ஃபைல் போட்டாச்சு, ரீஸ்டோர் இமேஜஸும் கொடுத்தாச்சு. அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் பட்டனைத் தொடாமல் இருக்கிறேன்.